‘ராட்சசன்’: பின்கதை முன்னறிவிப்பு ஆகுமா?

ஜூரோங்கில் என் உயர்நிலை நான்கு வகுப்பில் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பேச்சு ‘ராட்சசன்’ படத்துக்குப் போனது. “சின்ன வயசுலேயே அறிகுறியைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருந்தா இத்தனை பேர் செத்திருக்க மாட்டாங்கல்ல, டீச்சர்?” என்றான் ஒருவன். இன்னொருவன் பின்வரிசையைக் காட்டி, “இவன்கூட யார்கிட்டயும் பேச மாட்டான்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசைப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. அன்று சரியாகச் சொல்ல வராத பதிலை இங்கே எழுதுகிறேன். படம் பார்க்காதவர்கள் கவனிக்க: முடிவையும் சொல்லப்போகிறேன்.

ராம்குமார் இயக்கி 2018இல் வெளிவந்த படம் இது. பள்ளி மாணவிகளைக் கடத்திக் கொல்பவனை உதவி ஆய்வாளர் அருண் (விஷ்ணு விஷால்) தேடுகிறார். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. என் குறை, கொலையாளியின் பின்கதையைப் பற்றியது. நோயால் முதுமைத் தோற்றம் கொண்ட சிறுவன் அவன். வகுப்பு அவனைக் கேலி செய்கிறது. நட்பாகப் பழகிய ஒருத்தியிடம் காதலைச் சொல்கிறான், மறுக்கப்பட்டு அவமானப்படுகிறான். அவளே அவனுடைய முதல் பலி. 1978இல் வந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ படமும் இதே வழியில்தான் போனது: சிறுவயதில் காயம், வளர்ந்தபின் கொலை.

முடிவிலிருந்து திரும்பிப் பார்த்தால் எல்லாமே அறிகுறியாகத்தான் தெரியும். தொடக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியுமா?

மனநல மருத்துவர் ஜான் மெக்டொனால்ட் 1963இல் மூன்று அறிகுறிகளைப் பற்றி எழுதினார்: படுக்கையில் சிறுநீர் கழித்தல், தீ வைத்தல், விலங்குகளைத் துன்புறுத்தல். அவர் ஆராய்ந்த 100 நோயாளிகள் கொலை மிரட்டல் விடுத்தவர்கள். தொடர் கொலையாளிகள் அல்லர். பின்னாளில் அவருக்கே இதில் ஐயம் வந்தது. ஆனாலும் திரைப்படங்கள் அந்த மூன்றையும் விடவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். அவர்களெல்லாம் யார்?

ஒரு கணக்குப் போடுவோம். பத்து லட்சம் பிள்ளைகளில் ஒருவர் மட்டும் கொலையாளி ஆவார் என்று வைத்துக்கொள்வோம். நம் சோதனை 99 சதவீதம் சரியாகச் சொல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஒருவரோடு சேர்த்து ஏறக்குறைய 10,000 அப்பாவிப் பிள்ளைகளுக்கும் முத்திரை விழும்.

நிஜ வழக்கு ஒன்றையும் பார்க்கலாம். சென்னையில் ஆறு பேரைக் கொன்றதற்காக 1995இல் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டவர் ஆட்டோ சங்கர். திருவான்மியூரில் அவர் நடத்திய கள்ளச்சாராயத் தொழிலும் பாலியல் தொழிலும் கொலைகள் வெளிவரும் முன்பே நடந்துகொண்டிருந்தவை. அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த நெருக்கத்தை அவர் தன் வரலாற்றில் எழுதியிருந்ததாக, 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. அவருடைய பால்யத்தைத் தோண்ட வேண்டிய தேவையே இல்லை. கண்முன் நடந்த குற்றத்தைத் தடுத்திருந்தால் போதும்.

இந்த இடத்தில் ‘ராட்சசன்’ தன்னை அறியாமலே ஓர் உண்மையைச் சொல்கிறது. மாணவிகளைச் சீரழிக்கும் ஆசிரியர் இன்பராஜ், படத்தில் நம்மைத் திசைதிருப்பும் பாத்திரம்தான். ஆனால் ஓர் ஆசிரியராக எனக்கு அதிகம் பயம் தந்தது அவர்தான். பிள்ளைகளின் அச்சமும் மௌனமும் அங்கே உண்மையான அறிகுறிகள். அவை இன்று நடப்பதைக் காட்டுகின்றன. இருபது வருடம் கழித்து நடக்கப்போவதை அல்ல.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு: “கொலையாளிகள் பலர் சிறுவயதில் துன்பப்பட்டவர்கள்” என்பது ஒரு கருத்து. “சிறுவயதில் துன்பப்பட்டவர்கள் கொலையாளி ஆவார்கள்” என்பது வேறு. முதல் வாக்கியத்துக்குச் சான்று காட்டிவிட்டு இரண்டாவதை முடிவாக எழுதினால் உங்கள் வாதம் அங்கேயே உடைந்துவிடும்.

ஆசிரியர்களுக்கு: பூனையைத் துன்புறுத்தும் பிள்ளையைக் கண்டால் சும்மா விடச் சொல்லவில்லை. பள்ளி ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். நாளைக்கு அவன் என்ன ஆவானோ என்ற பயத்தில் வேண்டாம். இன்றைக்கு அவனுக்கு ஏதோ வலிக்கிறது என்பதற்காகச் செய்யுங்கள்.

அடுத்த வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். சுட்டிக்காட்டிய மாணவன், “சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன், டீச்சர்” என்றான். படத்தில் அந்தச் சிறுவனைக் கேலி செய்தவர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.