கயிறுகள் ஏன் நடுங்குகின்றன?

தூத்துக்குடி முத்துக்குளிப்பைப் பற்றிய விவரணப் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அக்கரையின் சிப்பிப் பார்களில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆகவே, இன்று படம் எடுப்போர் பழைய நிழற்படங்களையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. அவற்றைத் தேடித் தொகுக்கும் உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் திரையில் காட்டும் முறையில்தான் குறை நேர்கிறது.

நிழற்படம் மெல்ல நகரும்போது தோணியின் பாய்மரக் கயிறுகள் மினுமினுத்து நடுங்குகின்றன. முத்துக்குளிப்பவரின் கையை நெருங்கினாலோ, எல்லாம் மங்கிவிடுகிறது. பழைய படம் அப்படித்தான் இருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவா? ஒரு கணக்கைப் பாருங்கள்.

நன்கு பதிவுசெய்த ஒரு நிழற்படத்தின் அகலத்தில் 6,000 புள்ளிகளும் உயரத்தில் 4,000 புள்ளிகளும் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 2 கோடியே 40 லட்சம். வழக்கமான வீடியோத் திரையிலோ 1,920-க்கு 1,080, அதாவது 20,73,600 புள்ளிகளே உண்டு. எனவே பல புள்ளிகளைச் சேர்த்து, சராசரி கண்டு, ஒன்றாக்க வேண்டும். தொகுப்பு மென்பொருள் அவ்வாறு செய்யாமல் ஒன்றை எடுத்து மற்றவற்றை விட்டுவிட்டால், மெல்லிய கயிறு ஒரு கணம் தெரியும், மறுகணம் மறையும். இதுவே நடுக்கம்.

மங்கலுக்குக் காரணம் வேறு. சில அமைப்புகளில் மென்பொருள் முதலில் படத்தை 1,920 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிவிட்டு, பிறகு அந்தச் சுருங்கிய நகலைப் பெரிதாக்குகிறது. மூன்று மடங்கு நெருங்கினால், 640 புள்ளிகளை இழுத்துத் திரையை நிரப்ப வேண்டிவருகிறது. மூலப்படத்தின் அதே பகுதியிலோ 2,000 புள்ளிகள் காத்திருக்கின்றன!

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1957-இல் வெளியிட்ட 'சிட்டி ஆஃப் கோல்டு' பழைய நிழற்படங்களுக்கு உயிரூட்டிப் புகழ்பெற்றது. அங்கே திரைப்படக் கருவியே நிழற்படத்தை நெருங்கிப் படமெடுத்தது. நெருங்க நெருங்க நுணுக்கம் கூடியது.

முத்துக்குளிப்பவருக்குக் கல்லுக்கு ஒரு கயிறு, சிப்பிப் பைக்கு ஒரு கயிறு. படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அவரை நம்பியே இவர் மூழ்குவார். இரண்டு கயிறுகளும் ஒன்றாகக் குழம்பிவிட்டால், அத்தொழிலின் முறை மாணவருக்கு எப்படி விளங்கும்?

நீங்களும் இத்தகைய படம் தொகுக்கலாம். அப்போது, திரையின் அகலத்தை எத்தனை மடங்கு நெருங்குகிறீர்களோ அத்தனையால் பெருக்குங்கள். அவ்வளவு புள்ளிகள் மூலப்படத்தில் உள்ளனவா, மென்பொருள் மூலத்தைத்தான் எடுக்கிறதா என்று பாருங்கள். சுருக்கும்போது சராசரி காணும் உயர்தர முறையைத் தேர்ந்தெடுங்கள்.