ழகரமும் யகரமும்: ஒரு தீர்ப்பின் மறு ஆய்வு

எழுத்து வழக்கினை அளவுகோலாகக் கொண்டு பேச்சு வழக்கினை அளந்து, அதற்கு அடங்காதவற்றைக் 'கொச்சை' என ஒதுக்குதல் நம் புலமை உலகில் நெடுங்காலமாக இருந்து வரும் மரபு. அத்தீர்ப்பு ஆராய்ச்சிக்கு ஏற்புடையதா என்பதனை, ழகர ஒலிப்பு ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இதற்கு ஏற்ற களம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியாகும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூர்ப்புறங்களில் 'வாழைப்பழம்' என்பது 'வாயப்பயம்' என்றும், 'கோழி' என்பது 'கோயி' என்றும் வழங்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் தொடங்கிற்று. இவை போன்ற ஆலைகளை நாடிப் பிற மாவட்டத்து இளைஞர் பலர் இங்கு வந்து தங்கினர். அவருள் தென்மாவட்டத்தார் நாவில் அதே சொல் 'வாளப்பளம்' ஆகும். வகுப்பறைத் தமிழ் இவ்விரண்டனையும் பிழை என்னும். ஆயினும் பெரிதும் எள்ளப்படுவது யகரமே. கல்லாமையைக் காட்ட விழையும் திரைப்படங்கள் அதனையே கருவியாகக் கொண்டன.

இவ்விகற்பம் எவ்வாறு தோன்றிற்று? நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவ ழகரம் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கருத்து. எனவே ழகரத்திற்கு இயல்புகள் இரண்டு: ஒன்று நா வளைதல்; மற்றொன்று அண்ணத்தை அழுந்தத் தொடாது காற்றுக்கு வழிவிடுதல். இவ்விரண்டனையும் ஒருங்கே பேணுதல் அரிது. உலக மொழிகளுள் இவ்வொலி அருகியே காணப்படும். தென்புறத்தார் வளைவினைக் காத்து, நாவை அண்ணத்தில் ஒற்றினர்; ளகரம் பிறந்தது. வடபுறத்தார் ஒற்றாமையைக் காத்து, வளைவினை விடுத்தனர், யகரம் பிறந்தது. இருவரும் ஒவ்வொரு பாதியைப் போற்றினர். ஆதலின் ஒரு சாராரை மட்டும் நாச்சோம்பல் உடையார் எனல் பொருந்தாது.

பொருள் வேறுபாட்டை நோக்கினும் இது புலனாகும். ழகரத்தை ளகரமாக்குவார் பேச்சில் 'வாழை'யும் 'வாளை'யும் ஒன்றாகிவிடும். யகரமாக்குவார் பேச்சில் அவை வேறாகவே நிற்கும். யகரம் பிற இடங்களில் மயக்கம் தரலாம் எனின், அம்மயக்கம் ளகரத்திற்கும் உண்டு.

இனி, அண்டை மொழிகளை நோக்குவோம். நம் 'கோழி' கன்னடத்தில் 'கோளி', தெலுங்கில் 'கோடி'. நம் 'ஏழு' அங்கு முறையே 'ஏளு', 'ஏடு'. அவ்வடிவங்கள் அம்மொழிகளின் எழுத்து வழக்கில் ஏறிச் செம்மை பெற்றுள்ளன. அவற்றைக் கொச்சை என்பார் எவருமிலர். ழகரத்தின் திரிபு பிறமொழியில் இலக்கிய வழக்காகவும் நம் ஊரில் இழிவழக்காகவும் கருதப்படுமாயின், அவ்விழிவு ஒலியின்பாற்பட்டதன்று. ஒலிப்பார்மேல் நாம் கொண்ட மதிப்பின்பாற்பட்டதே.

ஆங்கிலமும் இதற்குச் சான்று பகரும். 'கார்' என்னும் சொல்லின் ஈற்று ரகரத்தைத் தென்இங்கிலாந்தார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலும் இழந்தனர்; ஸ்காட்லாந்தினரும் அமெரிக்கருட் பெரும்பாலாரும் இழந்திலர். இலண்டனில் ரகரம் இன்மை கற்றோர் வழக்காயிற்று. நியூயார்க்கிலோ, வில்லியம் லபோவ் 1962-இல் மூன்று பெருங்கடைகளில் ஆராய்ந்தபோது, செல்வர் நாடும் கடையின் பணியாளரிடத்து ரகரம் மிகுதியாகவும், எளியோர் நாடும் கடையில் குறைவாகவும் ஒலிக்கக் கண்டார். ஒரே ஒலிக்குறை ஓரூரில் உயர்வுக்கும் மற்றோரூரில் தாழ்வுக்கும் அடையாளமாயிற்று.

வேறொன்றும் கருதற்பாலது. 'இலை'யை 'எலை' என்றும், 'குடை'யைக் 'கொடை' என்றும், 'உடம்பை' 'ஒடம்பு' என்றும் கற்றோரும் வீட்டில் வழங்குவர். அகரமோ ஐகாரமோ பின்வர, முன்னுள்ள இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் தாழ்தல் அதன் நெறி. எழுத்து வழக்கினின்று விலகுவதில் இதற்கும் யகரத் திரிபிற்கும் வேறுபாடில்லை. எனினும் 'எலை' என்பாரை எவரும் நகையார். அது நகைப்பார்தம் வழக்குமாதலின்.

எழுத்திலும் மேடையிலும் ழகரம் நிலைபெறுதல் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. பரந்துபட்ட தமிழ் மக்களை இணைக்கும் பொதுவழக்கு இன்றியமையாதது. ஆசிரியர் அதனைக் கற்பிப்பாராக. ஆயின் மாணவன் வீட்டில் பேசும் ஒலியை இகழ்ந்து கற்பித்தல் வேண்டா. இகழப்பட்டவன் வாய் திறவான். வாய் திறவாதவனுக்கு எவ்வொலியும் கைவரப்பெறாது.

ஆராய்ச்சி மாணவர்க்கும் ஈண்டு ஒரு கடமை உண்டு. பன்மாவட்டத்தார் கலந்து வாழும் இடத்தில், எள்ளலுக்கு அஞ்சும் வழக்கே முதலில் மறையக்கூடும். ஆதலின் இப்பகுதி முதியோர் பேச்சினை ஒலிப்பதிவு செய்து, எச்சூழலில் ழகரம் யகரமாகும், எச்சூழலில் ஆகாது என வரையறுத்தல் வேண்டும். திசைச்சொல்லையும் செய்யுட்குரிய சொல்வகை நான்கனுள் ஒன்றாக வைத்து இலக்கணம் வகுத்தார் தொல்காப்பியர். வட்டார ஒலியை அதன் நெறியறிந்து வகுத்தல் அவர் வழிவந்த நமக்கும் உரியதே.