மூடிய அறையில் சொல்லப்படும் உண்மை

மருத்துவரின் தவற்றை மருத்துவரே எடுத்துரைக்கும் நூல்கள் அரியவை. அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2002-இல் வெளியிட்ட 'காம்ப்ளிகேஷன்ஸ்' அவற்றுள் ஒன்று. பயிற்சிக் காலத்தில் தாம் இழைத்த பிழையை அவர் அதில் மறைக்காமல் எழுதுகிறார். விபத்தில் அடிபட்டு மூச்சுத் திணறும் ஒரு பெண், அவசரமாகக் கழுத்தில் துளையிட வேண்டிய நிலை, போதாத வெளிச்சம், மூத்தவரை முன்கூட்டியே அழைக்கத் தவறிய தயக்கம். அப்பெண் பிழைத்தது வேறொருவரின் கைத்திறத்தால்.

பிழை தீயவர்க்கு மட்டும் உரியதன்று என்பதே நூலின் வாதம். மயக்க மருந்து இயந்திரங்கள் சிலவற்றில் திருகை வலப்புறம் திருப்பினால் மருந்து குறைந்தது. வேறு சிலவற்றில் கூடியது. அத்தகைய அமைப்பில் திறமையாளரும் தவறுவர். ஆகவே, ஆளைப் பழிப்பதைவிட அமைப்பைத் திருத்துக என்கிறார். இதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஒரு குறை உண்டு. அங்கு மருத்துவர்கள் கூடித் தம் தவறுகளை ஆராயும் கூட்டம் மூடிய அறையில் நிகழ்கிறது. பயிற்சியாளர் செய்த பிழைக்கும் மூத்தவரே எழுந்து பொறுப்பேற்கிறார். மேன்மையான மரபுதான். ஆனால் துன்புற்றவரின் குடும்பம் அவ்வறையில் இல்லை. குடும்பத்தாரிடம் தவற்றை ஒப்புக்கொள்ளாதீர் என வழக்கறிஞர்கள் எச்சரிப்பதையும் கவாண்டே குறிப்பிடுகிறார், அத்துடன் கடந்துவிடுகிறார். நாம் அவ்விடத்தில் நிற்க வேண்டியவர்கள்.

2022 நவம்பரில் சென்னை கொளத்தூரில், மூட்டு அறுவைக்குப் பின் இறுகிய கட்டினால் குருதியோட்டம் தடைப்பட்டு, இளம் கால்பந்து வீராங்கனை ஒருவர் காலையும் பின் உயிரையும் இழந்தார். அச்செய்தி புதுக்கோட்டை ராணியார் மருத்துவமனை வாயிலில் காத்திருப்போரையும் கலங்க வைத்திருக்கும். மருத்துவர்க்கும் அச்சம் உண்டு: வழக்கு, ஊர்க்கோபம், ஓயாத பணிச்சுமை. கடும் அலட்சியமே குற்றமாகும், வெறும் கணிப்புப் பிழை ஆகாது என 2005-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சிறை அச்சத்தைக் குறைக்கும் அத்தீர்ப்பு, உண்மை பேசவும் இடம் தருகிறது அன்றோ?

நேர்ந்ததை நேர்ந்தவாறே குடும்பத்தாரிடம் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அதைப் பொறுமையுடன் கேட்பது நம் கடமை. கையோங்கி நிற்பவரிடம் எவரும் உண்மை பேசார்.