சொந்த மண்ணில் போலந்து கோட்டைவிட்ட ஒரு புள்ளி

2005 முதல் 2023 வரை ஸ்பீட்வே உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி ஏழு முறை போலந்தில் நடந்திருக்கிறது. ஆறு முறை கோப்பை போலந்திலேயே தங்கிவிட்டது. வ்ரோட்ஸ்வாஃப், லெஷ்னோ, கோஷூவ் என்று ஊர்தான் மாறியது, முடிவு மாறவில்லை. மாறியது ஒரே ஒரு இரவில்: 2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, பிட்கோஷ்ச் நகரம். டென்மார்க் 38, போலந்து 37, ஆஸ்திரேலியா 36. நான்காவதாக வந்த பிரிட்டன் வெகு தூரம் பின்னால்.

முந்தைய ஐந்து கோப்பைகளில் நான்கு போலந்துடையவை. 2009, 2010, 2011 என்று வரிசையாக மூன்று, பிறகு 2013. இடையே 2012இல் ஸ்வீடனின் மாலிலாவில் டென்மார்க் ஒன்றைத் தட்டிச் சென்றது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் 2014இல் போலந்துக்குத் தகுதிச் சுற்று கிடையாது, நேராக இறுதிக்கு வந்தது. மற்ற மூன்று அணிகளும் அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் மோதித் தேறி வந்தவை. இதைப் போலந்துக்குக் கிடைத்த சலுகை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது சலுகையாகத் தெரியவில்லை. தேசிய அணியாகச் சேர்ந்து சூடேறி வந்த மூவருக்கு நடுவே முதல் ஓட்டத்திலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டிய அணி அது ஒன்றுதான்.

ஸ்பீட்வே நம் ஊரில் அதிகம் புழங்காத ஆட்டம். 500 சிசி பைக், ஒற்றை சிலிண்டர், எரிபொருள் மெத்தனால், ஒரே கியர். பிரேக் கிடையாது. மண் தடத்தில் நான்கு பேர் இடஞ்சுழியாக நான்கு சுற்று ஓட்ட வேண்டும், ஒரு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். வளைவில் வேகத்தைக் குறைக்க வழி இல்லாததால் பின்சக்கரத்தை வெளிப்பக்கம் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு மாட்டிய இடது பூட்ஸைத் தரையில் தேய்த்தபடி திருப்புகிறார்கள். முதலில் வருபவருக்கு 3, பிறகு 2, 1, 0. இந்த ஓட்டம் ஒவ்வொன்றும் ஒரு ஹீட். லீக் ஆட்டமென்றால் அணிக்கு இருவராக 15 ஹீட், மொத்தம் 90 புள்ளி, 46 எடுத்தால் வெற்றி.

அன்றைய உலகக் கோப்பையின் அமைப்பு வேறு. நான்கு நாடுகள், நாட்டுக்கு நான்கு வீரர்கள், 20 ஹீட். ஒவ்வொரு ஹீட்டிலும் நாட்டுக்கு ஒருவர். அதாவது 20 ஹீட்டிலும் ஒரு டென்மார்க்காரரும் ஒரு போலந்துக்காரரும் ஒரே கோட்டில் நின்று கிளம்புகிறார்கள். 38–37 என்ற கணக்கை இதை வைத்துப் பார்த்தால் அதன் கனம் புரியும். அந்த 20 நேருக்கு நேரில் ஏதோ ஒன்றில், அடுத்தடுத்து வந்த இந்த இருவரும் இடம் மாறி வந்திருந்தால் போலந்து 38, டென்மார்க் 37. கோப்பை கைமாறியிருக்கும். சமன்கூடக் கிடையாது, நேரடியாகத் தலைகீழ். ஒரே ஒரு ஹீட்டில் ஒரு போலந்து வீரர் தனக்கு முன்னால் போன ஆஸ்திரேலியரைக் கடந்திருந்தால் போதும், 38–38 ஆகியிருக்கும். தோற்ற அணி கடைசி ஹீட்டை நினைத்து மனம் வெதும்புவது வழக்கம். இந்த ஆட்டத்தில் ஏழாவது ஹீட்டின் மூன்றாவது வளைவும் அதே விலைதான் பெறும்.

இதே ஒரு புள்ளிதான் முந்தைய ஆண்டு பிராக் நகரில் எதிர்ப்பக்கம் விழுந்தது. 2013 இறுதியில் போலந்து 41, டென்மார்க் 40. ஆகவே பிட்கோஷ்ச் முடிவை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவர்கள் பிராக்கையும் அப்படியே ஒதுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள், இரண்டு இறுதிகள், சேர்த்துக் கூட்டினால் இரு அணிகளும் சரிக்குச் சரி: 78–78. ஆக, இரண்டு அணிகளுக்கும் இடையே திறமையில் இடைவெளி இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டியது சொந்த மண் தரும் கூடுதல் ஒன்றுதான். அது போலந்துக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்பதே கேள்வி.

முதலில் சொந்த மண் இந்த ஆட்டத்தில் என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு முன் வீரர்கள் செய்வதைக் கவனியுங்கள். குறுக்கே கட்டிய நாடாவுக்கு முன்னால் வந்து நின்றதும் பூட்ஸ் முனையால் மண்ணைக் கிளறி, மிதித்து, பின்சக்கரம் நிற்கும் இடத்தைக் கெட்டிப்படுத்துகிறார்கள். முன்பு அதே கேட்டில், அதாவது கிளம்பும் கட்டத்தில், நின்றவரின் சக்கரம் பறித்த பள்ளத்தில் நிற்பதா, ஒரு சாண் தள்ளி நிற்பதா என்று கணக்குப் போடுகிறார்கள். நாடா மேலே துள்ளும் நொடியில் கிளட்சை விட்டால் சக்கரம் மண்ணைப் பற்றுமா, சும்மா சுழலுமா என்பது அந்தச் சாணில் இருக்கிறது. முதல் வளைவுக்குள் முன்னால் நுழைந்தவரைக் கடப்பது கடினம், ஏனென்றால் பின்னால் வருபவரின் முகத்தில் மண் வாரி அடிக்கும். அதனால் பாதி ஆட்டம் அந்த இரண்டு விநாடியில் முடிகிறது. உள்ளூர்க்காரருக்குத் தன் தடத்தில் எந்தக் கேட் எத்தனை மணிக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

அடுத்தது மண். ஹீட்டுகள் ஓட ஓட உள்வட்டத்து மண் பறந்து வேலியோரம் சேர்கிறது. மாலையில் உள்ளோரம் லாபம், இரவு ஏற ஏற வெளியோரம் பிடித்துப் போகிறவருக்கு வேகம். டிராக்டர் வந்து இழுத்துச் சமன் செய்யும், லாரி வந்து தண்ணீர் தெளிக்கும், எல்லாம் மறுபடி மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மெக்கானிக் பின்பக்க ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டியோ குறைத்தோ போட வேண்டும், கார்புரேட்டர் ஜெட்டை மாற்ற வேண்டும். வெளியூர் அணி இதை ஊகித்து ஊகித்துக் கண்டுபிடிப்பதற்குள் நான்கைந்து ஹீட் போய்விடும். லீக் ஆட்டங்களில் சொந்த ஊர் அணிக்கு ஆரம்பத்திலேயே எட்டுப் பத்துப் புள்ளி முன்னிலை கிடைப்பது பெரும்பாலும் இந்த ஊகநேரத்தில்தான். மண்ணை எவ்வளவு நனைப்பது, எவ்வளவு இறுக்குவது என்பதும் சொந்த ஊர் நிர்வாகத்தின் கையில். எதிரணியில் கேட்டில் பறக்கும் ஆட்கள் அதிகம் என்றால் மண்ணைத் தளர்த்தி, கடந்து போக வழி வைக்கும் தடமாக மாற்றிவிடலாம். யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், எல்லோரும் செய்வார்கள்.

உலகக் கோப்பையில் இதில் பாதி அடிபட்டுவிடுகிறது. தடத்தைச் சர்வதேசச் சம்மேளனத்தின் ஆட்கள் பார்த்துக்கொள்வதால் உள்ளூர்க் கைவரிசை செல்லாது. அணிக்கு ஒருவர் என்பதால் இருவர் சேர்ந்து மூன்றாமவரை அடைத்துப்போடும் லீக் தந்திரமும் இல்லை. கூடவே அப்போது ஜோக்கர் என்று ஒரு விதி இருந்தது. ஆறோ அதற்கு மேலோ புள்ளியில் பின்தங்கிய அணி ஒரு முறை ஒரு வீரரின் புள்ளியை இரட்டிப்பாக்கிக்கொள்ள முடிந்தது. எனக்குப் பிடிக்காத விதி. முன்னால் இருப்பவரின் உழைப்பைத் தண்டிப்பது அது. ஆனால் கூட்டத்தின் ஆதரவில் ஏறி நின்று ஆட்டத்தைப் பூட்டிவிட நினைக்கும் அணிக்கு அது ஒரு கடிவாளம் என்பதை மறுக்க முடியாது.

மீதிப் பாதியைக் காலி செய்தது போலந்தேதான். உலகிலேயே அதிகப் பணம் புழங்கும் ஸ்பீட்வே லீக் போலந்தின் எக்ஸ்ட்ராலீகா. கால்பந்தைவிட ஸ்பீட்வேக்குக் கூட்டம் சேரும் ஊர்கள் அங்கே உண்டு. டென்மார்க்கின் லீக் சிறியது, அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. எனவே அந்நாட்டு வீரர்களின் வாரம் இப்படிப் போகும்: ஞாயிறு போலந்து, செவ்வாய் ஸ்வீடன், புதன் சொந்த நாடு, இடையில் சிலருக்கு இங்கிலாந்து. வேனில் பைக்குகள், இன்னொரு வேனில் மெக்கானிக். 2014இல் டென்மார்க் அணியின் தலைவர் நிக்கி பெடர்சன், 2003, 2007, 2008 உலகச் சாம்பியன், போலந்தில் லெஷ்னோ அணிக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். நீல்ஸ் கிறிஸ்டியன் இவர்சன் கோஷூவ் அணியில் இருந்தார். அதே கோஷூவ் அணியில்தான் போலந்து தேசிய அணியின் கிஷிஷ்டோஃப் காஸ்ப்ஷாக்கும் இருந்தார். அந்த ஆண்டு எக்ஸ்ட்ராலீகா பட்டத்தை இருவரும் சேர்ந்தே வென்றார்கள். ஞாயிறுதோறும் ஒரே பிட்டில் நின்று, இந்த மண்ணுக்கு எந்தப் பல் சரி என்று பேசிக்கொண்டவர்கள் அந்தச் சனிக்கிழமை எதிரெதிர் சட்டையில் வந்தார்கள். ஐபிஎல் வந்த பிறகு வெளிநாட்டு மட்டையாளர்களுக்கு நம் மைதானங்களின் சுழல் புதிராக இல்லாமல் போனதே, அந்தக் கதைதான் இங்கும். விருந்தாளிக்குத் தன் வீட்டுச் சந்துபொந்தெல்லாம் பழக்கிவிட்டது போலந்தின் சொந்தப் பணம்.

இந்த வாதத்துக்கு ஒரு சோதனை உண்டு. போலந்துக்கு வெளியே நடந்த இறுதிகளைப் பாருங்கள். உலகக் கோப்பை தொடங்கிய 2001க்குப் பிறகு பிரிட்டன் நான்கு இறுதிகளை நடத்தியது: பீட்டர்பரோ, பூல், ரெடிங், மான்செஸ்டர். ஒன்றைக்கூட வெல்லவில்லை. டென்மார்க் தன் வோயன்ஸ் தடத்தில் நான்கை நடத்தி 2008இல் மட்டும் வென்றது. 2010இல் அங்கே போலந்து வென்றது, 2015இல் ஸ்வீடன். ஆக, எல்லா நாட்டு வீரர்களும் எல்லா நாட்டு லீக்கிலும் ஓட்டும் ஆட்டத்தில் சொந்த மண் என்பது தேய்ந்துபோன நாணயம். அதையும் மீறிப் போலந்து ஆறு முறை சொந்த ஊரில் ஜெயித்ததற்குக் காரணம் மண் அல்ல, ஆள் பலம். நல்ல வீரர்கள் பத்துப் பேரில் நால்வரைப் பொறுக்கும் வசதி வேறு எந்த நாட்டுக்கும் கிடையாது.

அப்படியானால் அந்த நால்வரைப் பொறுக்கியது சரியா என்ற கேள்வி வருகிறது. பயிற்சியாளர் மாரெக் சியெஷ்லாக் தேர்ந்தெடுத்தவர்கள்: யாரோஸ்வாஃப் ஹாம்பெல், காஸ்ப்ஷாக், பியோத்ர் புரோட்டாஷேவிச், யானுஷ் கொவோஜெய். அனுபவத்தில் குறை சொல்ல முடியாத பட்டியல். காஸ்ப்ஷாக் அந்த ஆண்டு தனிநபர் உலகப் பட்டத்தில் இரண்டாம் இடம் பிடித்தார், அவருக்கு அடுத்து மூன்றாவதாக வந்தவர் பெடர்சன். புரோட்டாஷேவிச் முன்பு பிட்கோஷ்ச் அணிக்கே ஓட்டியவர், அவருக்கு இந்தத் தடம் அத்துப்படி. அந்த ஊர் பெற்ற பிள்ளையான 2010 உலகச் சாம்பியன் டொமாஷ் கோலோப் அணியில் இல்லை. வயது நாற்பதைக் கடந்துவிட்டது, அதைக் குறை சொல்வது நியாயமல்ல.

எனக்கு உறுத்துவது வேறொரு பெயர். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து ஹீட் என்ற கணக்கில் ஒருவர் சறுக்கினால் அணியின் கால்வாசி போய்விடும். அதனால் பயிற்சியாளர்கள் தெரிந்த கையையே நம்புவார்கள். டென்மார்க்கோ பெடர்சனோடும் இவர்சனோடும், கில்டமான்ட், கொர்னேலியுசன் என்று உலகம் அதிகம் பேசாத இருவரைச் சேர்த்து இறக்கியது. இருபத்துநான்கு வயது பீட்டர் கில்டமான்டுக்கு ‘ஸ்பைடர்’ என்று பட்டப்பெயர். எண்பது சிசி பைக்கில் பொடிப் பையன்களைப் பந்தயத்துக்கு இறக்கிவிடும் நாட்டிலிருந்து வருபவருக்குப் பெரிய மேடை புதிதாக இருக்கலாம், முதல் வளைவில் நான்கு பேருக்கு நடுவே புகுவது புதிதல்ல. போலந்திடமும் அப்படியொரு பையன் இருந்தான். கோஷூவ் அணியில் இவர்சனுக்கும் காஸ்ப்ஷாக்குக்கும் பக்கத்தில், பத்தொன்பது வயதில், பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக். பிட்கோஷ்ச் தோல்வி நடந்து நான்கே வாரத்தில், தன் அணியின் ஊரில் நடந்த, தனிநபர் உலகப் பட்டத்துக்கான கிராண்ட் பிரீ போட்டியில் அழைப்பு வீரராக நுழைந்து முதலிடம் பிடித்தான். பின்னாளில் 2019இல் தொடங்கி உலகப் பட்டங்களை அடுக்கியவனும் அவன்தான். நடந்து முடிந்த பிறகு இப்படிச் சொல்வது சுலபம், தெரியும். ஆனால் ஒரு புள்ளியில் தோற்ற அணிக்கு வெளியே அப்படியொருவன் நின்றுகொண்டிருந்தது நடந்த உண்மை.

பிட்கோஷ்ச்சுக்குப் பிறகும் போலந்து சொந்த மண்ணில் விருந்தாளிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, வேறு கோப்பையில். நாட்டுக்கு இருவர் சேர்ந்து ஓட்டும் ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் 2018இல் தொடங்கியது, வ்ரோட்ஸ்வாஃபில் நடந்த இறுதியில் பட்டம் ரஷ்யாவுக்கு. 2020இல் லூப்ளினில் நடந்தபோதும் ரஷ்யாவுக்கே. அந்த ரஷ்ய அணியின் தூண்களான எமில் சைஃபுத்தினோவ், ஆர்த்தெம் லகூட்டா இருவரும் எக்ஸ்ட்ராலீகாவில் ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள். அங்கே ஆள் பலமும் உதவவில்லை. இருவரை மட்டும் இறக்கும் ஆட்டத்தில் ஐந்தாவது, ஆறாவது நல்ல வீரர் இருந்து என்ன பயன்?

நால்வர் ஆட்டத்தில் போலந்து திரும்பி வர இரண்டு ஆண்டு பிடித்தது. 2016 இறுதி மான்செஸ்டரில், அந்த ஆண்டுதான் திறந்த புத்தம்புதிய அரங்கில். பிரிட்டனுக்கே தன் தடம் இன்னும் முழுசாகப் பிடிபடாத சமயம். சியெஷ்லாக் இந்த முறை ஸ்மார்ஸ்லிக்கைச் சேர்த்து இளைஞர் அணியோடு போனார். விருந்தாளியாகப் போய்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பிரிட்டன் இரண்டாமிடம்.