லீட் வாசிக்கிறவர்களுக்கு என் ஒரே பதில்: ராட்!

எலெக்ட்ரிக் கிடாரில் லீட் வாசிக்க ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்கணும், எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் யோசிப்பதே இல்லை. ப்ரோகோ ராட். எலியின் பெயர் தாங்கிய அந்தக் கறுப்புப் பெட்டியில் இருப்பது மூன்றே நாப்கள்: டிஸ்டார்ஷன், ஃபில்டர், வால்யூம். இந்த மூன்றுக்குள் ஒரு லீட் கிடாரிஸ்டுக்கு வேண்டிய அத்தனையும் அடங்கிவிடுகிறது. எத்தனையோ பெடல்களை மிதித்துப் பார்த்துவிட்டேன். கம்பியைத் தொட்டதும் உடம்பு சிலிர்ப்பது இதில்தான்.

லீடுக்கு அப்படி என்ன தனித் தேவை? கிடார் சுரத்தின் ஆயுள் குறைவு. மீட்டிய கணத்தில் உச்சத்தில் இருக்கும் ஒலி அடுத்த கணமே தேயத் தொடங்கிவிடும். பாடகரைப் போல ஒரு சுரத்தில் நின்று நிதானமாகப் பேச வேண்டுமென்றால் அந்தத் தேய்மானத்தைத் தடுத்தாக வேண்டும். டிஸ்டார்ஷன் பெடல் செய்யும் முதல் உதவி இதுதான். பிக்கப்பிலிருந்து வரும் சிறு மின்னலையை அது பன்மடங்கு பெருக்குகிறது. பிறகு ஒரு ஜோடி டயோடுகளைக் கொண்டு அதன் தலையையும் காலையும் ஒரே உயரத்தில் வெட்டிவிடுகிறது. சுரம் பலமாக இருக்கும்போதும் அதே உயரம், தேய்ந்து பாதியான பிறகும் அதே உயரம். காதுக்குச் சுரம் நீண்டுகொண்டே போகிறது. நாம் சஸ்டெயின் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவது இதைத்தான்.

இரண்டாவது உதவி இன்னும் அழகானது. வெட்டுப்பட்ட அலையில் புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. தனிச் சுரம் வாசித்தால் அவை எல்லாமே அந்தச் சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று கணக்காக வந்து நிற்கும்; சுரத்துக்குச் சதைப்பிடிப்பு கூடும். இரண்டு மூன்று சுரங்களைக் கார்டாகச் சேர்த்து மீட்டினாலோ, அவற்றின் கூட்டல் கழித்தல் அதிர்வெண்களும் உள்ளே புகுந்து இரைச்சல் ஏறும். அதிக டிஸ்டார்ஷனில் மேஜர், மைனர் கார்டுகள் கலங்கிப்போவதும், தனிச் சுரம் தகதகவென்று ஜொலிப்பதும் இதனால்தான். ஆக, ரிதமுக்கு ஏற்ற பெடல் லீடுக்கும் ஏற்றதாக இருக்கும் என்ற கட்டாயம் இல்லை. லீடுக்கென்று காது கொடுத்துத் தேடத்தான் வேண்டும்.

அப்படித் தேடினால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ என்ற ஊரில் போய் நிற்போம். கிப்ஸன் நிறுவனம் 1984 வரை கிடார் செய்துவந்த ஊர். லெஸ் பால் மாடல் பிறந்த ஊர். அதே ஊரில், கேபிள்களும் ஒலிச் சாதனங்களும் செய்துகொண்டிருந்த ப்ரோகோ சவுண்ட் நிறுவனத்திலிருந்து 1970-களின் இறுதியில் ராட் வெளிவந்தது. வடிவமைத்தவர் ஸ்காட் பர்ன்ஹாம். அதன் இதயத்தில் அவர் வைத்தது எல்எம்308 என்ற ஆப்-ஆம்ப் சிப். அது பாப் விட்லர் என்ற மேதை 1960-களின் இறுதியில் உருவாக்கிய எல்எம்108 குடும்பத்தைச் சேர்ந்தது. நுண்ணிய மின்னழுத்தங்களை அளக்கும் கருவிகளுக்கென்றே பிறந்த சிப் அது. அதைக் கொண்டுவந்து கிடாருக்கு மாட்டினார்களே, அந்தக் கைகளுக்கு நான் வாழ்நாளெல்லாம் நன்றி சொல்வேன்!

ஏனென்றால் எல்எம்308 ஒரு மெதுவான சிப். அதன் வெளியீடு ஒரு மைக்ரோநொடியில் சுமார் 0.3 வோல்ட்தான் ஏறி இறங்க முடியும். மற்ற பெடல்களில் பரவலாகப் புழங்கும் டிஎல்072 சிப்புக்கு இதுவே 13 வோல்ட். அளவுக்கருவி செய்கிறவருக்கு இந்த வேகம் வெறும் எண். லீட் வாசிக்கிறவருக்கோ அதுதான் அமுதம். டிஸ்டார்ஷன் நாப்பை முழுக்கத் திருகினால் ராட் சுமார் 2,000 மடங்குக்கும் மேல் பெருக்கப் பார்க்கும். உயர் அதிர்வெண்களில் அந்தப் பெருக்கத்துக்குச் சிப் ஈடுகொடுக்க முடியாது. அலையின் கூரான முனைகள் தாமாகவே மழுங்கி உருள்கின்றன. காதைக் கிழிக்கும் கீச்சு அடங்கிவிடுகிறது. நடு அலைவரிசையின் கனமும் கடுமையும் அப்படியே மிஞ்சுகின்றன. உறுமலும் உருட்சியும் ஒரே சுரத்தில் சேர்ந்து வரும் அந்த ராட் குரல் இப்படித்தான் பிறக்கிறது.

இனி நான் உருகி உருகிப் பேசும் ஃபில்டர் நாப்புக்கு வருகிறேன். மற்ற பெடல்களின் டோன் நாப்பை வலப்பக்கம் திருகினால் ஒலி பளிச்சென்று ஆகும். ராட்டில் நேர்மாறு: வலப்பக்கம் திருகத் திருக உயர் அதிர்வெண்கள் கழன்று ஒலி அடர்ந்துகொண்டே போகும். உள்ளே இருப்பது ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் மட்டும்தான். ஆனால் வெட்டும் இடம் 32,000 ஹெர்ட்ஸிலிருந்து 475 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. என்ன ஒரு வீச்சு! ஒரு கோடியில் கண்ணாடி உடைக்கும் கூர்மை. மறு கோடியில் பஞ்சு மெத்தை. இடையில் ஒவ்வொரு அங்குலத்திலும் ஒரு புதுக் குரல் காத்திருக்கிறது. அறை மாறினாலும், ஆம்ப் மாறினாலும், கிடார் மாறினாலும் இந்த ஒரு நாப்பைத் தொட்டு நம் குரலை மீட்டுக்கொள்ளலாம்.

என் அமைப்பைச் சொல்கிறேன். டிஸ்டார்ஷன் 12 மணிக்குச் சற்றுக் கீழே. ஃபில்டர் 2 மணியில். வால்யூம், பெடலை மிதித்ததும் ரிதம் ஒலியைவிடத் தெளிவாக ஒரு படி மேலே எழும் அளவுக்கு. கிடாரில் கழுத்துப்பக்க ஹம்பக்கர். ஆம்ப் கொஞ்சமாகத் தானே உறுமத் தொடங்கும் நிலையில். இவ்வளவுதான். இப்போது பி கம்பியில் 12-வது ஃப்ரெட்டைப் பிடித்து மீட்டிப் பாருங்கள். மீட்டின அடியின் ‘டக்’ தெளிவாகக் கேட்கும். அதன் பின்னாலேயே சுரம் விரிந்து எழும். வைப்ரேட்டோ கொடுக்கக் கொடுக்க மேல்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மலரும். ஆம்புக்கு நேராகத் திரும்பி நின்றால் அது ஃபீட்பேக்காக மாறி, விரல் எடுக்கும்வரை நின்று பாடும்.

இந்தத் தொனியில் நான் கல்யாணி வாசிப்பேன். சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அந்த 12-வது ஃப்ரெட்தான் நிஷாதம். அங்கிருந்து கம்பியை வளைத்து மேல் ஷட்ஜத்தைத் தொட்டு, விடாமல் நிஷாதத்துக்கே இறங்கி, அங்கேயே அசைந்து நிற்கலாம். கிளீன் டோனில் இந்தக் கமகம் பாதி வழியிலேயே மூச்சை விட்டுவிடும். ராட்டில் ஒரே மீட்டலில் முழு அசைவும் முடிந்து, இன்னும் இழுக்க ஒலி மிச்சமிருக்கும். கோயில் வாசலில் கேட்கும் நாகசுரத்தின் அந்த அகன்ற, கம்பீரமான நாதம் ஒரு கிடார் ஆம்பிலிருந்து வருவதைக் கேட்டால் யாருக்குத்தான் புல்லரிக்காது?

விரலுக்கு இது காட்டும் மரியாதையையும் சொல்லியாக வேண்டும். கிடாரின் வால்யூம் நாப்பைப் பாதிக்கு இறக்கினால் ராட் சுத்தமாகி, மணல் தூவியது போன்ற ஒரு கரகரப்பை மட்டும் வைத்துக்கொள்ளும். அதில் பாட்டின் இடைவெளிகளை நிரப்பலாம். சோலோ வந்ததும் சுண்டுவிரலால் நாப்பை ஏற்றினால் போதும், புயல் கிளம்பும். ஒரே பெடலில் முழுப் பாட்டையும் ஓட்டிவிடலாம்.

மற்ற பெடல்களை நான் மதிக்காமல் இல்லை. ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர், ஸ்டீவி ரே வான் காலால் அழியாப் புகழ் பெற்ற பச்சைப் பெட்டி. நடு அலைவரிசையைத் தூக்கிக் காட்டும். டியூப் ஆம்பைத் தள்ளிவிடுவதில் ராஜா. ஆனால் தனியாக நின்று நீண்ட சுரம் கொடுக்கும் அளவுக்கு அதில் டிஸ்டார்ஷன் கிடையாது. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பிக் மஃப், டேவிட் கில்மர் கையில் வானளாவியது. ஆனால் நடு அலைவரிசையைக் குடைந்தெடுக்கும் குணம் அதற்கு உண்டு. வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரம்மாண்டம். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் லீட் உள்ளே அமுங்கும். 1978-இல் வந்த ஆரஞ்சு நிற பாஸ் டிஎஸ்-1, ஜோ சாட்ரியானி பயன்படுத்தியது. கூர்மையும் வேகமும் அதன் பலம். பளிச்சென்ற ஆம்பில் அந்தக் கூர்மையைத் தணிக்கக் கொஞ்சம் உழைக்க வேண்டும். பேண்டோடு சேர்ந்து வாசிக்கும்போது ராட் தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. கிடார் சோலோ குடியிருக்க வேண்டிய நடு அலைவரிசை அதனிடம் தாராளமாக இருக்கிறது. சிம்பலோடு மோதும் உயர் ஒலியை ஃபில்டர் பார்த்துக்கொள்கிறது.

ராக்கின் ஜெஃப் பெக் இதை மிதித்தார். ஜாஸின் ஜான் ஸ்கோஃபீல்டும் மிதித்தார். நிர்வானாவின் கர்ட் கோபேனும் ப்ளர் குழுவின் கிரஹாம் காக்ஸனும் இதே பெட்டியிலிருந்து முற்றிலும் வேறொரு ஆவேசத்தை எடுத்தார்கள். ஸ்கோஃபீல்டின் சொற்சுத்தமான ஜாஸ் வரிகளுக்கும் கோபேனின் கொந்தளிப்புக்கும் ஒரே பெடல் ஈடுகொடுத்திருக்கிறது என்றால், அது வாசிக்கிறவரின் குணத்தை அப்படியே வெளியே விடுகிறது என்றுதானே பொருள்! என் பிரியத்தின் அடி ஆழக் காரணமும் இதுதான்.

வாங்கப் போகிறவர்களை ஒரு விஷயம் குழப்பும். 2000-களின் தொடக்கத்தில் எல்எம்308-க்குப் பதிலாக ஓபி07 என்ற சிப்புக்கு ப்ரோகோ மாறியது. பழைய சிப் உள்ள ராட்டுக்கு இன்று பெரும் விலை சொல்கிறார்கள். நான் இரண்டையும் வாசித்திருக்கிறேன். பழையதில் சற்று வழுவழுப்பு கூடுதல், உண்மைதான். ஆனால் ஓபி07-உம் அதே 0.3 வோல்ட் வேகம் கொண்ட மெதுவான சிப்தான். அதனால் ராட்டின் குரல் அதிலும் உயிரோடு இருக்கிறது. இன்று கடையில் கிடைக்கும் ராட் 2-ஐ நம்பி வாங்கலாம். டயோடுகளுக்குப் பதில் எல்இடி வைத்த டர்போ ராட், இன்னும் திறந்த, உரத்த ஒலி வேண்டுகிறவர்களுக்கு.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தக் கிடாரையே எடுத்துச் செல்லுங்கள். உங்களிடம் இருக்கும் ஆம்புக்கு நெருக்கமான ஆம்பைக் கேட்டு வாங்குங்கள். ஹெட்ஃபோனில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஸ்பீக்கரின் காற்று உடம்பில் பட வேண்டும். கார்டு அடித்துப் பார்த்து நேரத்தைக் கழிக்காமல் நீங்கள் உயிராக நேசிக்கும் ஒரு மெலடியை, தனித்தனிச் சுரமாக, நிதானமாக வாசியுங்கள். முதலில் ஃபில்டரை முழுக்க இடப்பக்கம் வையுங்கள். வாசித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திருகிக்கொண்டு வாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் உங்கள் சுரம் பாடத் தொடங்கும். அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். வாவா இருந்தால் ராட்டுக்கு முன்னால், டிலே இருந்தால் பின்னால். வேறு எதுவும் தேவையில்லை.

லீட் டோனுக்காக நான் கேட்ட பெடல்களில் ராட்டுக்கு இணை இன்னும் பிறக்கவில்லை. கையில் ஒரு கிடாரும் மனதில் ஒரு மெலடியும் இருக்கிற ஒவ்வொருவரும் இதை ஒருமுறையாவது மிதித்துப் பார்த்தே தீர வேண்டும்.