தண்ணீர் கேட்கும் பேட்டரி

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940-இல் ஓடத் தொடங்கியது இடுக்கி மலையில்தான்; மூலமற்றத்தின் 780 மெகாவாட் நிலையமும் அதே மாவட்டத்தில்தான். ஆனாலும் மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் மூணாறிலும் சரி, பாலக்காட்டு அட்டப்பாடியிலும் சரி, பல வீடுகளில் விளக்கு எரிவது இன்வெர்ட்டர் பேட்டரியின் தயவில். இது பெரும்பாலும் ஈய பேட்டரிதான்: ஈயத் தகடு, கந்தக அமிலம், 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பிளாந்தே கண்ட வேதியியல். புதிதில் இது முழுத் திறனைக் காட்டாது. தகட்டுப் பூச்சு முழுக்க வேலைக்கு வரப் பல தடவை சார்ஜ் ஏறி இறங்க வேண்டும். ஆகவே முதலில் முழுசாக ஏற்றி, ஆரம்ப வாரங்களில் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. குறைச் சார்ஜில் கிடந்தால் ஈய சல்பேட் தகட்டில் கெட்டிப்பட்டுவிடும்.

லித்தியம் வந்தபின் இந்தப் பாடு எதற்கு என்பார்கள். தண்ணீர் ஊற்றும் வேலை அதில் இல்லை, ஆயுளும் கூடுதல், நியாயம்தான். ஆனால் ஈய பேட்டரி தன் உடல்நிலையை மறைப்பதில்லை. ஆறு மூடிகளையும் திறந்து ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சினால், ஐந்து அறைகள் 1.24 காட்ட, ஒன்று மட்டும் தாழ்ந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். பழுதானாலும் ஈயத்தை உருக்கி மறுபடி தகடாக்கலாம். மழை தொடங்குமுன் நீர்மட்டம் காட்டும் மிதவையைப் பாருங்கள். இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அமிலம் வேண்டாம்.