பாட்டும் பெயரும்

மலையகத் தோட்டங்களில் தப்பின் ஓசை தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு விரட்டும் ஆணையாக ஒரு காலத்தில் இருந்தது. அதே தப்பு திருவிழாவிலும் சாவு வீட்டிலும் அம்மக்களின் சொந்தக் குரலாக ஒலித்தது. கருவி ஒன்றே, யாருக்காக அது ஒலித்தது என்பதே வேறுபாடு. கலைச் சுதந்திரம் பற்றிய ஆராய்ச்சியும் இவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாட்டை அறியாத மாணவர் அட்டனில் இலர் எனலாம். அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாடிய பாட்டு அது. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். மேனாட்டு ராப் இசையின் விசையும் நம் ஒப்பாரியின் இழுவையும் அதில் இணைகின்றன. மண் எல்லா உயிர்க்கும் பொது என்ற களிப்பு, தோட்டத்தை வளர்த்தவனுக்கே அதன் பயன் எட்டாத கொடுமையாகக் கனக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த வள்ளியம்மாளின் பேரன் என்றே அறிவு பாட்டினுள் தம்மை அறிவித்துக்கொள்கிறார். பாட்டின் உயிர்நிலை இதுவே. மலையக மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தார், பாடல்கள் எஞ்சின, அவற்றைக் கட்டிய பெண்களின் பெயர்கள் எஞ்சவில்லை. அந்த மௌனத்தை ஒரு பேரன் உடைத்தான்.

குறையும் உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. துயரத்தைப் பாடும் பாட்டு, துயரம் இழைத்தவரைச் சுட்டவில்லை. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையோ தொழிலாளர் கூட்டங்களில், பழகிய மெட்டுக்களில் ஆட்சியாளரின் கொள்கையை நேரே சாடினார்.

இத்துணை மென்மையான பாட்டும் தப்பவில்லை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இடம்பெறவில்லை, பா. ரஞ்சித் அதைக் கண்டித்தார். 2022 ஜூலை 28இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. படைப்பில் தமக்குரிய பங்கை அவர் பகிரங்கமாக உரைக்க நேர்ந்தது. அது கூட்டுப் படைப்பு என்று சந்தோஷ் நாராயணன் மறுமொழி கூறினார். அவரே 2024இல், பாட்டின் வருவாய் தங்கள் எவர்க்கும் வந்து சேரவில்லை என்றார்.

இங்கே தடைச்சட்டம் இல்லை. காவலர் எவரும் வரவில்லை. பொதுவுடைமையைப் பாடிய பாட்டைச் சந்தை கொண்டாடியது. கொண்டாடிக்கொண்டே பாடியவனின் பெயரையும் கூலியையும் வழக்குக்குரியவையாக்கியது. தணிக்கையினும் நுட்பமான அழுத்தம் இது. கொழுந்தைப் பறித்தவளின் பெயர் எந்தத் தேயிலைப் பெட்டியில் இருக்கிறது? தோட்டத்தின் நியதி பாட்டரங்கையும் பின்தொடர்கிறது.

இப்பாட்டை வகுப்பில் ஒலிக்கச் செய்யும் ஆசிரியர் அவ்வளவில் நிற்றல் ஆகாது. மாணவர் தத்தம் பாட்டிமாரின் பாடல்களைக் கேட்டு எழுதிவரட்டும். ஒவ்வொன்றின் கீழும் பாடியவரின் முழுப் பெயரையும் எழுதட்டும்.